டெஸ்ட்டே எடுக்கல, ஆனா நோய் 0 சதவீதமாம்!

1/
கொஞ்சம் நீளமான இழை. கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா இது ஆஸ்பத்திரி சமாச்சாரம். பொறுமையாப் படிங்க மக்களே.

சில வருஷம் முன்னாடி, நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெடிக்கல் ஆபீசரா இருந்தப்போ நடந்தது. மாதாந்திர ரிவ்யூ மீட்டிங். சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கட்டம். நல்லா இருந்தா பச்சை, மோசமா இருந்தா சிவப்பு.

எங்க வரியில் ஒரு கட்டம் பளிச்னு சிவப்பு. "பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கப்பட்ட குழந்தைகள்: 0%".

2/
"யாரும்மா அந்த பி.எச்.சி. ஸ்டாஃப் நர்ஸ்? எந்திரிங்க."

எங்க சிஸ்டர் எந்திரிச்சாங்க. நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்பவே பிரசவம் பார்க்க ஆரம்பிச்சவங்க.

"ஒரு குழந்தைக்குக்கூட ஒரு மணி நேரத்துல தாய்ப்பால் குடுக்க வைக்க முடியலையா? என்ன வேலை பாக்குறீங்க?"

"சார், போன மாசம் நம்மகிட்ட பிரசவமே நடக்கல சார். லேபர் ரூம் சீலிங் பெயர்ந்து விழுந்துடுச்சு. மராமத்து முடியாததால எல்லாரையும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு இருக்கோம்."

"காரணம் சொல்லாதீங்க. சிஸ்டத்துல 0 காட்டுது."

நானும் எந்திரிச்சு அதையே சொன்னேன். "அடுத்த மாசம் இம்ப்ரூவ் பண்ணுங்க டாக்டர்"னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாங்க.

பிரசவமே நடக்காத இடத்தில் தாய்ப்பாலை எப்படிங்க இம்ப்ரூவ் பண்றது?

3/
அதே திரையில் இன்னொரு கட்டம். வேறொரு நிலையம். "காசநோய் பரிசோதனையில் பாசிட்டிவ்: 0%". பளபளனு பச்சை.

"பாருங்க, இவங்ககிட்ட டி.பி.யே இல்ல. வெரி குட்." எல்லாரும் கை தட்டினாங்க.

டீ பிரேக்ல அந்த நிலையத்து டாக்டர்கிட்ட "எப்படிப்பா?"னு கேட்டேன். அவர் மெதுவா சொன்னார்: "சளி மாதிரி எடுத்துட்டுப் போற ஏற்பாடு நின்னு போச்சு. போன மாசம் ஒரு மாதிரிகூட அனுப்பல. எங்க சொல்றதுன்னு தெரியல."

ஒரு டெஸ்ட்கூட எடுக்கல. அதனால பாசிட்டிவ் ஒண்ணும் இல்ல. அதனால 0%. அதனால பச்சை. அதனால கைதட்டு!

4/
வேலை செய்ய வழியில்லாத இடத்துக்குத் திட்டு. பரிசோதனையே நடக்காத இடத்துக்குப் பாராட்டு. இரண்டு அபத்தமும் பிறந்த இடம் ஒண்ணுதான். ரெண்டு கட்டத்துலயும் கணக்கு 0 ÷ 0.

இந்தக் கணக்குக்கு விடை கிடையாது. விடை இல்லாத கணக்குக்கு யாரோ ஒருத்தர் 0 என்று விடை எழுதி வைத்துவிட்டார்.

இந்த இழை அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. "எரர் வருதா? 0 போட்டு மூடிடு" என்கிற பழக்கம். இதை நான் சாஃப்ட்வேர் குறைபாடாப் பார்க்கல. பொய்ச் சான்றிதழ் கொடுக்கிறதாத்தான் பார்க்கிறேன்.

5/
முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்.

12 இட்லி, 4 பேர். ஆளுக்கு 3. சரி.
12 இட்லி, 0 பேர். ஆளுக்கு எத்தனை? ஆளே இல்லையே, "ஆளுக்கு" என்ற பேச்சே எங்கே வந்தது?

12 ÷ 4 = 3 என்றால், திருப்பி 3 × 4 = 12 வரணும். 12 ÷ 0-க்கு எந்த எண்ணைச் சொன்னாலும், அதை 0-வால் பெருக்கினால் 12 வராது. ஆக விடையே இல்லை.

0 ÷ 0 இன்னும் வேடிக்கை. 7 என்று சொல்லுங்க, 7 × 0 = 0, சரியாத்தான் வரும். 100 என்றாலும் சரியா வரும். எல்லா எண்ணும் பொருந்துது. எல்லாம் பொருந்தினால் எதுவும் விடை கிடையாது.

6/
இதில் தடுமாறினவங்க சாதாரண ஆளுங்க இல்ல.

கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் 0 ÷ 0 = 0 என்று எழுதினார். 9-ஆம் நூற்றாண்டில் மகாவீரர், ஒரு எண்ணை 0-வால் வகுத்தால் அந்த எண் மாறாமல் அப்படியே இருக்கும் என்றார். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் அது முடிவிலி என்றார்.

பூஜ்ஜியத்தை ஒரு எண்ணாக எடுத்து விதி எழுதத் துணிந்த மேதைகள் இவங்க. அந்தக் காலத்தில் முதல் முயற்சி தவறியது பெரிய குற்றமில்லை.

ஆனா 1,400 வருஷம் கழிச்சு, ஆஸ்பத்திரி டேஷ்போர்டுல அதே முதல் விடையைப் போட்டு, அதை வச்சு ஒரு சிஸ்டரை எந்திரிச்சு நிக்க வைக்கிறது குற்றம்.

7/
டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் இந்த விஷயத்தில் நேர்மையானவை.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர், மூன்றும் 0-வால் வகுக்கச் சொன்னால் "முடியாது" என்று எரர் கொடுத்து நிறுத்திடும். மை எஸ்.க்யூ.எல்.லும் எஸ்.க்யூ.லைட்டும் சாதாரணமாக டேட்டாவை எடுத்துக் காட்டும்போது எரர் போடாம 'நல்' கொடுக்கும். 'நல்' என்றால் "இங்கே மதிப்பு எதுவும் இல்லை" என்று அர்த்தம். எக்செல் கூட ஒரு விநோதக் குறியைக் காட்டி முழிக்கும், 0 காட்டாது.

கவனிச்சீங்களா? இதில் எதுவுமே தானா 0 சொல்லலை. 0 போடுறது மெஷின் இல்ல, மனுஷன்.

8/
அப்போ எரர் வந்து நிக்கட்டும்னு சொல்றீங்களா டாக்டர்னு கேப்பீங்க. இல்லை.

1997 செப்டம்பர். அமெரிக்கக் கடற்படையின் யு.எஸ்.எஸ். யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கடலோரத்தில் போய்க்கிட்டு இருந்தது. கம்ப்யூட்டரால் இயங்கும் நவீனக் கப்பல். பணியாளர் ஒருவர் டேட்டாபேஸில் ஒரு கட்டத்தில் 0 பதிந்தார். புரோகிராம் அதால் வகுக்கப் போச்சு. கப்பலின் கம்ப்யூட்டர் வலைப்பின்னலே படுத்தது. உந்துவிசை நின்னு, சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் தண்ணீரில் சும்மா மிதந்தது.

ஒரு கட்டத்துக்காக மொத்தமும் நிக்கிறது தப்பு. ஒரு நிலையத்தில் பிரசவம் இல்லைங்கிறதுக்காக மாவட்டத்தின் முழு ரிப்போர்ட்டும் திறக்காமப் போனா அதுவும் நோயாளிக்குத்தான் நஷ்டம். எரரைக் கையாளத்தான் வேணும். எப்படிக் கையாளுறோம் என்பதுதான் சண்டையே.

9/
மீட்டிங் முடிஞ்சு, அந்த ரிப்போர்ட்டுக்கு குவெரி எழுதின தம்பியைத் தேடிப் பிடிச்சேன். ஒப்பந்த வேலை. ஒரே ஆள், அத்தனை ரிப்போர்ட்டும் அவன் தலையில.

"ஏன் தம்பி 0 போட்ட?"

"சார், முதல்ல எரர் வந்துட்டே இருந்துச்சு. காலையில பத்து மணிக்கு ரிப்போர்ட் திறக்கலைன்னா எனக்குத்தான் போன் வரும். அதான் எரர் வந்தா 0-ன்னு போட்டுட்டேன். அப்புறம் யாரும் கூப்பிடல சார்."

"காலியா விட்டிருக்கலாமே?"

"விட்டேன் சார். கட்டம் ஏன் காலியா இருக்கு, வேலை முடியலையான்னு கேட்டாங்க."

அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. எம்.பி.பி.எஸ். படிச்ச எனக்கு குவெரியை உக்கார வச்சு சொல்லிக் கொடுத்ததே அவன்தான். கீழே எழுதப்போற பாதி விஷயம் அவன்கிட்ட கத்துக்கிட்டது.

10/
இப்போ தப்பான வைத்தியங்களை வரிசையாப் பார்ப்போம்.

முதல் தப்பு: எரர் வந்தால் 0.

வார்டு ரவுண்ட்ஸ் போறேன். பி.பி. மெஷின் ரிப்பேர். அதனால பி.பி. பார்க்கல. கேஸ் ஷீட்ல சிஸ்டர் "பார்க்கவில்லை, மெஷின் பழுது" என்று எழுதினால் நான் வேற மெஷின் கொண்டு வரச் சொல்லுவேன். அதுக்குப் பதிலா பி.பி. 0 என்று எழுதினால்? அந்த ஆள் செத்துட்டார்னு அர்த்தம். நான் நெஞ்சை அழுத்த ஓடுவேன்.

"பார்க்கவில்லை" என்பதும் "பார்த்தேன், ஒன்றுமில்லை" என்பதும் வேற வேற. மருத்துவத்தில் முதல் வருஷ ஹவுஸ் சர்ஜனுக்கே இந்தப் பாடம் தெரியும். டேஷ்போர்டுக்குத் தெரியலை.

11/
இரண்டாவது தப்பு இன்னும் ஆபத்து. கீழ் எண் 0 ஆக இருந்தால் அதுக்குப் பதிலா 1 போட்டுக்கோ. மகாவீரர் சொன்ன விடை இதுதான்: 1-ஆல் வகுத்தால் எண் மாறாது. எரரும் வராது.

சிறுநீரக வேலைத்திறன் கணக்குக்கு காக்ராஃப்ட்-கால்ட் என்று ஒரு சூத்திரம். (140 − வயது) × எடை, அதை 72 × கிரியாட்டினின் என்பதால் வகுக்கணும்.

60 வயசு ஆண், 54 கிலோ. மேலே 80 × 54 = 4,320. கிரியாட்டினின் 1 என்றால் 4,320 ÷ 72 = 60. கிரியாட்டினின் 4 என்றால் 15.

ரத்தப் பரிசோதனை வரலை, அந்தக் கட்டத்தில் 0 உக்காந்திருக்கு என்று வைங்க. 0-க்குப் பதில் 1 போடுற குவெரி அவருக்கு 60 என்று காட்டும். உண்மையில் அவருக்கு 15 ஆக இருக்கலாம். அமிகாசின் மாதிரி சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய ஊசிக்கு டோஸ் போடுற டாக்டர் அந்த 60-ஐ நம்பினால்?

எரர் வந்திருந்தால் அவர் லேபுக்கு போன் பண்ணியிருப்பார். எரரை ஒழிச்சவன் அந்த போனையும் சேர்த்து ஒழிச்சுட்டான்.

12/
மூன்றாவது தப்பு: கீழ் எண் 0 ஆக இருக்கிற வரிகளையே ரிப்போர்ட்டிலிருந்து தூக்கிடு.

எரர் போயிடும். கூடவே அந்த ஊரும் போயிடும். லேபர் ரூம் இடிஞ்ச நிலையம் பட்டியலிலேயே இருக்காது. யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. எந்த ஊருக்கு அதிகக் கவனம் தேவையோ அந்த ஊரைத்தான் முதல்ல காணாமப் போக்குறோம்.

தொழில்நுட்ப ஆளுங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். "கீழ் எண் 0 இல்லை" என்ற நிபந்தனையையும் வகுத்தல் கணக்கையும் ஒரே வடிகட்டியில் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு நிம்மதியா இருக்காதீங்க. எதை முதல்ல கணக்கிடணும்னு டேட்டாபேஸ் தன் வசதிப்படி முடிவு பண்ணலாம். இன்னைக்கு ஓடுற குவெரி நாளைக்கு அதே எரரில் விழும்.

13/
நான்காவது தப்பு: 0 ÷ 0 வந்தால் 100%.

"வந்த புகார்களில் தீர்க்கப்பட்டவை 100%". எத்தனை புகார் வந்துச்சு? ஒண்ணும் வரல. புகார்ப் பெட்டி பூட்டியே கிடந்துச்சு.

சிரிப்பா இருக்கா? இதை வச்சு தர வரிசை போட்டா சிரிப்பு வராது. பத்து புகார் வாங்கி ஒன்பதைத் தீர்த்த இடம் 90%-ல் கீழே நிக்கும். பெட்டியையே திறக்காத இடம் மேலே நிக்கும்.

14/
சரி, சரியான வைத்தியம் என்ன? ஒரே ஒரு சொல். எஸ்.க்யூ.எல்.லில் 'நல்இஃப்' என்று ஒரு செயல்பாடு இருக்கு. "கீழ் எண் 0 ஆக இருந்தால் அதை நல் ஆக மாற்று" என்று அர்த்தம்.

மேல் எண் ÷ நல்இஃப்(கீழ் எண், 0)

அவ்வளவுதான். எதையும் நல்-ஆல் வகுத்தால் நல் வரும். எரர் வராது, ரிப்போர்ட் நிக்காது, வரி காணாமப் போகாது. அந்தக் கட்டம் மட்டும் "எனக்கு விடை தெரியாது" என்று உண்மையைச் சொல்லும்.

ஆனா பாதிப் பேர் இதை எழுதிட்டு, அதுக்கு மேல 'கோயலெஸ்' என்று இன்னொரு செயல்பாட்டைப் போட்டு, நல் வந்தால் 0 ஆக்கு என்று முடிச்சிடறாங்க. கட்டுப் போட்டுட்டு அதை அவுத்துட்ட மாதிரி. தயவுசெய்து நல்-ஐ நல்லாவே விடுங்க.

15/
சராசரியில் இந்த 0 செய்யும் அட்டூழியத்தைப் பாருங்க.

நாலு நிலையங்கள். முதலாவதில் 10 பிரசவம், 9 குழந்தைக்கு உடனே தாய்ப்பால்: 90%. இரண்டாவதில் 50-க்கு 40: 80%. மூன்றாவதில் 1-க்கு 1: 100%. நான்காவதில் பிரசவம் இல்லை.

நான்காவதுக்கு 0 போட்டால் சராசரி 67.5%. நல் போட்டால் டேட்டாபேஸ் அதைச் சராசரியில் சேர்க்காது: 90%.

ஒரே மாசம், ஒரே தாய்மார்கள். ஒரு கணக்கில் வட்டாரமே ஃபெயில், இன்னொண்ணில் பாஸ்.

உண்மை இரண்டுமே இல்லை. சதவீதங்களைச் சராசரி எடுக்கவே கூடாது. மேல் எண்களைக் கூட்டு, கீழ் எண்களைக் கூட்டு, அப்புறம் ஒரே தடவை வகு. 50 ÷ 61. 82%.

இப்படிச் செஞ்சா நான்காவது நிலையத்தின் 0 கூட்டலில் சேர்ந்து, யாருக்கும் கெடுதல் செய்யாது.

16/
கூடவே ஒரு குட்டி எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸிலும் எஸ்.க்யூ.எல். சர்வரிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாத்தான் வரும். 9 ÷ 10 = 0. ஆமா, 0.9 இல்லை, 0. தசமம் வெட்டுப்படும்.

அதாவது பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒழுங்கா வேலை செஞ்ச நிலையமும் 0% வாங்கும். 100.0-ஆல் பெருக்கிட்டு வகுங்க. இந்த ஒரு புள்ளிக்காக யாரோ எங்கேயோ மெமோ வாங்கிட்டு இருக்கலாம்.

17/
இன்னும் ஆழமான கேள்வி: கீழ் எண் ஏன் 0?

ஒண்ணு, உண்மையிலேயே நடக்கல. ஊரில் அந்த மாசம் பிரசவத் தேதி யாருக்கும் இல்லை. நல்லது, விட்டுடலாம்.
ரெண்டு, நடந்திருக்கணும், நடக்கல. மாதிரி கொண்டுபோக ஆள் இல்லை, லேபர் ரூம் இடிஞ்சிருக்கு. உடனே ஆள் அனுப்பணும்.
மூணு, நடந்துச்சு, ஆனா பதிவு வந்து சேரல. நெட் இல்லை, டேட்டா என்ட்ரிக்கு ஆள் லீவு. போன் போட்டுக் கேக்கணும்.

மூணுக்கும் மூணு வேற நடவடிக்கை. மூணையும் 0 என்று ஒரே சட்டையை மாட்டி நிறுத்தினால் எதை எங்கே அனுப்புறது?

குவெரி எழுதும்போதே இது குழம்பும். எண்ணிக்கை எடுக்கிற 'கவுண்ட்', ஒரு வரிகூட இல்லாட்டியும் 0 கொடுக்கும். கூட்டல் போடுற 'சம்', வரியே இல்லாட்டி நல் கொடுக்கும். ஒண்ணு "இல்லை" என்கிறது, இன்னொண்ணு "தெரியாது" என்கிறது. எதை எங்கே பயன்படுத்துறோம் என்று யோசிச்சு எழுதணும்.

18/
பொது சுகாதாரத்தில் இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய ஞானமும் கிடையாது.

நம்ம மலேரியா திட்டத்தில் பல காலமாகவே ரெண்டு எண் ஜோடியாப் போகும். ஒண்ணு, பார்த்த ரத்தத் தடவல்களில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ். இன்னொண்ணு, மக்கள்தொகையில் ஒரு வருஷத்தில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தீங்க. இரண்டாவதுக்குக் குறைஞ்சது 10% என்று படிச்சிருக்கோம்.

ஏன் ரெண்டு? தடவலே எடுக்காம "எங்க ஊர்ல மலேரியா இல்ல"னு சொல்றவனைப் பிடிக்கத்தான்! பேப்பர் ரெஜிஸ்டர் காலத்துப் பூச்சியியல் ஆளுங்களுக்குத் தெரிஞ்ச சூட்சுமம், கலர் கலரான திரைக்குத் தெரியலை.

கொரோனா காலத்தில் பாசிட்டிவிட்டி ரேட் என்று தினமும் கேட்டீங்களே, நினைவிருக்கா? அப்பவும் எண்ணிக்கையோட "இன்று எடுத்த பரிசோதனைகள்" என்று ஒரு வரி வரும். அந்த வரி இல்லாட்டி மற்ற வரிக்கு மதிப்பு இல்லை.

19/
எதிர்வாதங்களைப் பார்த்துடுவோம். 

"காலிக் கட்டம் அசிங்கமா இருக்கும்." காலியா விட வேண்டாம். "பிரசவம் இல்லை", "பரிசோதனை 0" என்று தமிழில் எழுதுங்க. சாம்பல் நிறம் கொடுங்க. பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம்.

"கிராஃப் கோடு நடுவுல அறுந்து போகும்." அறுந்து போகட்டும்! ஐ.சி.யூ. மானிட்டரில் நெஞ்சில் ஒட்டின ஒயர் கழண்டா, "லீட் கழண்டிருக்கு" என்று தனியா ஒரு எச்சரிக்கை வரும். இதயம் நின்னதுக்கு வேற எச்சரிக்கை. ஒயர் கழண்டதையும் உயிர் போனதையும் பிரிச்சுக் காட்டத் தெரிஞ்ச மெஷின் எங்க வார்டுல இருக்கு. ஒரு மாவட்டத்தின் டேஷ்போர்டுக்கு அது முடியாதா?

20/
இருக்கிறதிலேயே வலுவான எதிர்வாதம் இது: "காலியா விட அனுமதிச்சா, வேலை செய்யாதவங்க அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுப்பாங்க. டெஸ்ட் எடுக்காம இருந்தா சிவப்பு வராதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

நியாயமான பயம். ஆனா யோசிங்க, இப்பவே அப்படித்தானே ஒளிய முடியுது? டெஸ்ட் எடுக்காதவனுக்கு இன்னைக்குக் கிடைக்கிறது பச்சை நிறமும் கைதட்டும்.

இதுக்கு மருந்து கீழ் எண்ணைத் தனிக் கட்டமாக் காட்டுறது. சதவீதம் ஒரு கட்டம், "எத்தனையில் எத்தனை" இன்னொரு கட்டம். மாசம் இத்தனை சளி மாதிரியாவது போயிருக்கணும் என்று வரையறை வைங்க. 0 போயிருந்தா அந்த இரண்டாவது கட்டம் சிவப்பாகட்டும். ஒளிய இடமே இருக்காது.

21/
"டாக்டர், உங்களுக்கு இது எதுக்கு? நோயாளியைப் பாருங்க" என்றும் சொல்வாங்க. நோயாளியைப் பார்த்துத்தான் இந்தக் கோபமே வந்துச்சு.

அந்தக் கைதட்டு மீட்டிங்குக்கு ரெண்டு மாசம் கழிச்சு. வாரத்தில் ஒரு நாள் எனக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் ஓ.பி. டூட்டி. ஒரு கொத்தனார் வந்தார். நாற்பது வயசு இருக்கும். மூணு மாசமா இருமல், சாயங்காலக் காய்ச்சல், பத்து கிலோ இறங்கிட்டார். சட்டை தோளில் தொங்குது.

"இதுக்கு முன்னாடி எங்கயும் காட்டலையா அண்ணே?"

"காட்டுனேன் சார். எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை போனேன். சளி டெஸ்ட்டுக்கு எழுதினாங்க. டப்பா கொண்டுபோக ஆளு வரல, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. கூலி வேலை சார், எத்தனை நாள் அலையறது?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பச்சைக் கட்டத்து நிலையம்.

22/
டெஸ்ட் எடுத்தோம். பாசிட்டிவ். மருந்து ஆரம்பிச்சோம். தேறி வந்துட்டார், அதுவரைக்கும் சந்தோஷம்.

ஆனா அந்த வீட்டில் ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ஒண்ணுக்கு வயசு 3. அந்த ரெண்டு மூணு மாசமும் அப்பா பக்கத்துலதான் படுத்திருக்குதுங்க. அதுகளையும் வரவழைச்சு, பரிசோதிச்சு, தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டியதாச்சு.

மாதிரி கொண்டுபோற ஏற்பாடு நின்னதுக்கு அந்த குவெரி காரணம் இல்லை. அது வேற நிர்வாகக் குறை. ஆனா அந்தக் குறை மேலே தெரியாம மறைச்சது அந்த 0. அந்தக் கட்டத்தில் "பரிசோதனை 0" என்று வந்திருந்தா, அன்னைக்கு அந்த மீட்டிங்கில் கைதட்டுக்குப் பதிலா ஒரு கேள்வி வந்திருக்கும். ஒரு கேள்வி போதும், ஒரு வண்டி கிளம்பியிருக்கும்.

23/
ஆகவே என் கோரிக்கைகள்.

குவெரி எழுதுற தம்பி தங்கைகளுக்கு: வகுத்தல் வர்ற ஒவ்வொரு இடத்திலும் நல்இஃப் போடுங்க. அதுக்கு மேல 0 போட்டு மூடாதீங்க. கீழ் எண்ணைக் கண்டிப்பா காட்டுங்க. "0 போட்டுக் குடு" என்று யாராவது சொன்னா, "இந்த 0-க்கு என்ன அர்த்தம்னு எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க.

அதிகாரிகளுக்கு: காலிக் கட்டத்தைப் பார்த்துக் கோபப்படாதீங்க. உங்ககிட்ட உண்மை பேசுற கட்டம் அது ஒண்ணுதான். ஒரு ஊழியரை எழுப்பி நிக்க வைக்கிறதுக்கு முன்னாடி "எத்தனையில் 0?"னு ஒரே ஒரு தடவை கேளுங்க.

மக்களுக்கு: எந்தத் துறையா இருந்தாலும், யார் சதவீதம் சொன்னாலும், "எத்தனையில்?"னு கேளுங்க. 100% தேர்ச்சி என்றால் எழுதினது எத்தனை பேர்? 0% விபத்து என்றால் ஓடினது எத்தனை வண்டி? பதில் வரலைன்னா அந்த சதவீதத்தை நம்பாதீங்க.

24/
கடைசியா.

அந்தத் தம்பி அடுத்த மாசமே ரிப்போர்ட்டை மாத்திட்டான். யார்கிட்டயும் அனுமதி கேக்கல, நான்தான் தைரியம் சொன்னேன். எங்க வரியில் தாய்ப்பால் கட்டம் சாம்பல் நிறம். உள்ளே "பிரசவம் 0".

மீட்டிங்கில் அதே குரல்: "என்ன இது, பிரசவம் 0-ன்னு இருக்கு? ஏன்?"

சிஸ்டர் எந்திரிச்சு அதே பதிலைச் சொன்னாங்க. சீலிங், மராமத்து, தாலுகா ஆஸ்பத்திரி. ஒரு வார்த்தை மாத்தல.

"ரெண்டு மாசமாவா? இன்ஜினியர் யாரு? போன் போடுங்க."

அவ்வளவுதாங்க. போன மாசம் காரணம்னு சொல்லித் தள்ளின அதே விஷயம், இந்த மாசம் தகவல் ஆயிடுச்சு. மூணு வாரத்தில் லேபர் ரூம் திறந்துச்சு.

முதல் பிரசவம் ஒரு விடியற்காலை. பெண் குழந்தை. அரை மணி நேரத்தில் அம்மா நெஞ்சில் போட்டுப் பால் குடிக்க வச்சுட்டு, சிஸ்டர் ரெஜிஸ்டரை எடுத்து எழுதினாங்க: 1-க்கு 1.

"சார், இப்ப 100% காட்டுமா?"னு கேட்டாங்க.

"காட்டும் சிஸ்டர். ஆனா 1-ல 1-ன்னும் சேர்த்துக் காட்டும்"னு சொன்னேன்.

சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

(முற்றும். குவெரி எழுதத் தெரிஞ்ச நண்பர் யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க.)